வேடம் தாங்கும் விளையாட்டுகள்



இன்றைய பேச்சின் பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். கணினித் திரையில் ஆடப்படும் விளையாட்டுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் இவற்றால் கெட்டுப்போகிறார்கள் என்னும் முறைப்பாட்டை, பதுளையில் ஆசிரியத் தொழில் புரிபவன் என்ற வகையில், நான் நித்தமும் கேட்டுவருகிறேன். அந்த வழக்கை விசாரிப்பது இன்று என் நோக்கமன்று. பந்தடிப்பதும் துப்பாக்கி சுடுவதுமான விளையாட்டுகளையும் ஒருபுறம் ஒதுக்கிவிடுகிறேன். எஞ்சியவற்றுள் இரண்டு இனங்களே எனக்குரியவை. ஆடுபவன் தன்னை வேறொருவனாகப் பாவித்து, அவ்வேறொருவனின் வாழ்வை வாழ்ந்து பார்ப்பது ஓரினம். அறியாத இடங்களிற் புகுந்து, புதிர்களை அவிழ்த்து வழி காண்பது மற்றோரினம். கடந்த சில மாதங்களாக, இரவிற் பாடக்குறிப்பு எழுதி முடித்தபின், இவற்றுள் ஐந்தினை நானே ஆடிப் பார்த்தேன். விளையாட்டுகளைக் கொணர்ந்து தந்தவன் என் தமக்கையின் மகன். அவன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்பவன்.

வேடம் தாங்குதல் என்றால் என்னவென்று ஊவா மலைகளில் வாழும் எமக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் உள்ள தோட்டங்களிற் பிறந்தவர்கள் காமன் கூத்தினைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் நாளளவிற் காமன் கம்பம் நடப்படும். அன்று தொடங்கித் தோட்டத்திற் பகலெல்லாம் கொழுந்து, இரவெல்லாம் தப்பு. ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைவோர் இருவரும் காப்புக் கட்டி விரதம் காப்பர். ரதியும் ஆண்மகனே. பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். பின்னர் ரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனை உயிர்ப்பிப்பான். தோட்டத்துக்குத் தோட்டம் முறை சிறிது வேறுபடினும் கதை இதுவே.

இதிலே நான் சிறு வயது முதல் வியந்த ஒன்றுண்டு. நேற்று வரை கவ்வாத்துக் கத்தியும் கையுமாக மலைக்குப் போன இளைஞன், காப்புக் கட்டிய மறுகணமே ரதியாகிவிடுகிறான். அவன் புலால் உண்ணலாகாது. அவனை அடா புடா என்று அழைப்பாரில்லை. லயத்து வாசல்தோறும் அவன் ஆடி வரும்போது அவனிலும் மூத்த பெண்கள் அவன் காலுக்கு நீர் வார்த்து வணங்குகிறார்கள். வேடம் அவனுக்கு உரிமை எதனையும் கொடுப்பதற்கு முன்னர், அவனிடமிருந்து பலவற்றைப் பறித்துக்கொள்கிறது. கணினி விளையாட்டுகளை நான் நிறுத்துப் பார்த்த தராசு இதுதான்: இந்த வேடம் என்னிடம் எதைக் கேட்டது?

முதலில் ஆடியது மிகப் பழையது. கொலோசல் கேவ் அட்வென்ச்சர் என்பது அதன் பெயர். 1976 அளவில் வில் குரோதர் என்னும் அமெரிக்கர் அதனை எழுதினார். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்த அவர், ஓய்வு நேரத்தில் கென்ரக்கி மாநிலத்து மாமத் குகையினுள் இறங்கி அதன் வழிகளை அளந்து வரைபடமாக்கியவர். மணமுறிவின் பின்னர், தம் சின்னஞ்சிறு மகள்மாருக்கு மகிழ்வூட்டும் பொருட்டு அக்குகையைச் சொற்களால் ஆக்கிக் கணினியில் வைத்தார். 1977இல் டொன் வூட்ஸ் என்பார் அதனை விரித்தார். படமொன்றும் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தைக் கணினி எழுத்தில் சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு என்று ஓரிரு சொற்களில் நீங்கள் கட்டளை எழுத வேண்டும். அவ்வளவே. இவ்வினம் முழுவதற்கும் அட்வென்ச்சர் என்ற பெயர் இதிலிருந்தே ஏற்பட்டது.

குகையினுள் ஒரு சிறு பறவை உண்டு. அதைக் கூண்டிற் பிடிக்க வேண்டும். ஆனால் உங்கள் கையில் ஒரு கோல் இருக்குமானால் பறவை அஞ்சி விலகும். கோலைக் கீழே வைத்துவிட்டு அணுகினால் அகப்படும். பிற்பாடு, வழிமறித்துக் கிடக்கும் பெரும் பாம்பினை வேறெந்த ஆயுதமும் விரட்டாது. இச்சிறு பறவையே விரட்டும். இதனைக் கண்டபோது எங்கள் லயத்து வாசலில் மாலைநேரத்திற் பாட்டிமார் போட்ட விடுகதைகள் நினைவுக்கு வந்தன. எல்ல நகருக்கு அண்மையிலுள்ள இராவணன் குகையைப் பற்றியும், அதிலிருந்து மலைக்குள் ஓடுவதாகச் சொல்லப்படும் சுரங்கங்களைப் பற்றியும் எத்தனை கதைகள் கேட்டிருப்போம்! அக்கதைகளினுள் ஒரு விளக்கை ஏந்திக்கொண்டு நாமே இறங்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது. விளக்கின் மின்கலம் ஓய்வதற்குள் வெளியேற வேண்டுமென்ற அச்சம் உண்மையாகவே இருந்தது. ஆயினும் இதில் வேடம் இல்லை. இறங்குபவன் பெயரற்றவன், முகமற்றவன். அவனிடம் கேட்கப்படுவது மதி ஒன்றே.

அடுத்து ஆடியது யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2017இல் வெளியிட்ட லெஜண்ட் ஒவ் செல்டா வரிசையில் ஒன்று. பிரெத் ஒவ் த வைல்ட் என்பது அதன் தனிப்பெயர். நூறாண்டு உறக்கத்தினின்று விழித்தெழும் ஒரு வீரன் மலையும் காடும் ஆறும் நிறைந்த ஒரு நாட்டிலே தன்னிச்சையாகத் திரிகிறான். கண்ணுக்கு எட்டிய மலையெதுவாயினும் ஏறலாம். இதன் அழகை வியந்து எழுதியவர் உலகெங்கும் உளர். நான் அவர்களோடு சேர்ந்து வியக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்நாட்டில் மழை பெய்தால் பாறை வழுக்கும். நாலடி ஏறினால் மூன்றடி சறுக்குவான் அவ்வீரன். ஏறும் வலுவைக் காட்டும் பச்சை வளையம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கைவிட்டு விழுவான். மழையில் ஏற இயலாதென்று ஆடுபவர் பலர் மனங்கசந்து குறைகூறியிருக்கின்றனர். எனக்கோ முழு விளையாட்டிலும் மெய்யாகப்பட்ட இடம் அதுவொன்றே. நமுனுகுலை மலைச்சரிவிலே வடகீழ்ப் பருவமழையில், இடுப்பிற் படங்குச் சாக்கும் தலையிற் கூடைக் கயிறுமாக, அட்டை கடிக்க ஏறியிறங்கும் பெண்களின் நடையை நான் அறிவேன். அவ்வீரன் மழை விடும்வரை ஒரு பாறையின்கீழ் நெருப்பு மூட்டிக் குந்தியிருக்கலாம். எங்கள் பெண்களுக்கு அந்த வசதி அமைந்ததில்லை.

வேடம் தாங்கும் விளையாட்டின் மூலமோ கணினிக்கும் புறம்பானது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி நண்பர் சிலர் அமர்வர். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, கள்வனாகவோ பேசி நடிப்பர். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பலமுகப் பகடை தீர்மானிக்கும். அதன் வழிவந்த கணினி விளையாட்டொன்று, பெல்ஜியத்து லாரியன் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3. என் மருமகனுக்கு உயிர் இதுதான். இருபது முகங் கொண்ட பகடை திரையில் உருள்வதைப் பார்க்க எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் அவன் ஆடும் முறையைப் பார்த்தேன். பகடை உருட்டுவதற்கு முன்னே அவ்விடத்தைச் சேமித்து வைக்கிறான். பகடை பிழைத்தால், சேமித்த கணத்திற்கே திரும்பிப்போய் மீண்டும் உருட்டுகிறான். பூட்டிய கதவொன்றைத் திறக்க ஏழு தடவை காலத்தைப் பின்னோக்கித் திருப்பினான். தோழன் ஒருவன் போரில் இறந்துபட, "பரவாயில்லை மாமா, திரும்ப எடுக்கலாம்" என்றான்.

இது எனக்கு உவக்கவில்லை. காரணம் எங்கள் மாவட்டத்து நினைவுகள் போலும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்திற் சேறிருந்தது. இறப்பை ஒரு பொத்தானால் அழித்துவிடும் ஆட்டத்தை இரசிக்கப் பதுளை மாவட்டத்தவனுக்குச் சற்றுப் பழக்கம் வேண்டியிருக்கிறது. மன்மதனும் உயிர்த்தெழுபவன்தானே என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் மன்மதன் எழுவதற்கு ரதி அழுதாக வேண்டும். ஊரும் உடனிருந்து விழித்திருக்க வேண்டும். அந்த விலை கொடாமல் அவன் எழுவதில்லை.

நான் ஆடியவற்றுள் என்னை மிகுதியும் ஆட்கொண்டது டிஸ்கோ எலிசியம். எஸ்தோனியா நாட்டில் எழுத்தாளரும் ஓவியருமாகக் கூடிய ஒரு குழுவினர் 2019இல் இதனை வெளியிட்டனர். வாள் இல்லை, வேதாளம் இல்லை. ஒரு துறைமுக நகரின் மலிவான விடுதியில், நடுவயதுப் பொலிஸ்காரன் ஒருவன், குடித்துக் குடித்து நினைவு முழுவதும் இழந்த நிலையில் விழித்தெழுகிறான். தன் பெயர் தெரியாது. பதவிச் சின்னமும் துப்பாக்கியும் தொலைந்துவிட்டன. விடுதியின் பின்புறத்து மரத்தில் நாட்கணக்காக ஒரு பிணம் தொங்குகிறது. அக்கொலையைத் துப்புத் துலக்கவே அவன் அனுப்பப்பட்டவன். அவனுடைய உடல்வலுவைக் குறைவாக வகுத்துக்கொண்டால், அறையின் மின்விளக்கைப் போட்ட அதிர்ச்சியிலேயே மாரடைத்து இறந்துபோகலாம். விளையாட்டுத் தொடங்கி இரண்டு நிமிடமாகவில்லை! நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவனுடைய குணங்கள் இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் தலைக்குள்ளிருந்து தனித்தனிக் குரலிற் பேசும். தருக்க அறிவு ஒன்று சொல்லும். இரக்கம் வேறொன்று சொல்லும். பழைய அதிகாரத்தின் இறுமாப்பு மற்றொன்றை உரக்கச் சொல்லும். இங்கும் பகடை உண்டு. சில முயற்சிகள் வெண்ணிறத்தன. தோற்றால், திறன் வளர்த்துக்கொண்டு மீண்டும் முயலலாம். சில செந்நிறத்தன; ஒரே தடவைதான். அவற்றிலும் சேமித்த இடத்துக்குத் திரும்பலாமென்று மருமகன் காட்டித் தந்தான், நான் திரும்பவில்லை. தோற்றபின் கதை நின்றுவிடுவதில்லை என்பதே இதன் சிறப்பு. தோல்வியிலிருந்து பிறக்கும் உரையாடல் வெற்றியினும் செறிவுடையதாகப் பல இடங்களில் அமைந்திருக்கிறது.

அந்நகரில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கின்றனர். சங்கத்தலைவர் தந்திரசாலி, கம்பனியின் பேச்சாளரான பெண் நாகரிகமுடையவர், இருவரையும் நம்பவும் இயலாது, வெறுக்கவும் இயலாது. தோட்டத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்குத் தந்தையின் தோளிலமர்ந்து சென்றவனுக்கு இது புது உலகமன்று.

ஆயினும் என்னை உறங்கவிடாமற் செய்தது வேறொன்று. இவ்வின விளையாட்டுகள் பலவும், உன் பெயரென்ன, நீ யார் என்ற கேள்வியுடனேயே தொடங்குகின்றன. விரும்பிய பெயரை எழுதலாம்; குலத்தைத் தெரியலாம்; முகத்தை வரையலாம். தோட்டத்திலே பெயர் என்ற சொல்லுக்கு மற்றொரு பொருளுண்டு. ஒருநாள் வேலைக்குப் பதியப்படும் கூலியே பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மழையில் நின்ற ஒருத்தி மாலையில் அரைப்பெயருடன் வீடு திரும்புவாள். நாட்டளவிலும் அவ்வாறே நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரிடம், உன் தந்தை இந்நாட்டிற் பிறந்தவனா, சான்று எங்கே என்று கேட்டது. சான்று அவர்களிடம் இருக்கவில்லை. 1964 ஒக்டோபரிற் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் இன்னாரில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று தொகையாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர்க்கு வழி பிறந்தது. பதவிச் சின்னத்தைத் தொலைத்துவிட்டு, காண்பவரிடமெல்லாம் நான் யார் என்று கேட்டுத் திரியும் அந்தப் பொலிஸ்காரன் எஸ்தோனியரின் கற்பனை. அவன் கேட்ட கேள்வியை என் பாட்டனார் கந்தோர் கந்தோராக ஏறிக் கேட்டார். இந்த வேடம் என்னிடம் எதைக் கேட்டது என்று முன்னர் சொன்னேனே. இது என் குடும்பத்தின் பழைய பத்திரங்களையே கேட்டது.

இறுதியாக, வெண்பா. இதுவோ தமிழ்க் குடும்பத்தின் கதை. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் 2023இல் வெளியிட்டனர். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளிற் சிறந்த முதல் விளையாட்டுக்கான விருதும் இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணிநேரத்தில் முடிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து 1980களிற் கனடாவிற் குடியேறிய வெண்பா என்னும் பெண்ணாக நாம் அடுக்களையில் நிற்கிறோம். தாயார் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும், புதிர் அதுவே. இட்டிலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும் என்பதைக் குரோதரின் குகைக்கு நிகரான புதிராக ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் லயங்களில் இட்டிலி நாள்தோறும் அவிவதில்லை. எங்களுக்குக் கோதுமைமா ரொட்டியும் சம்பலும்தான். ஆயினும் ஆவியின் மணம் மூக்குக்கு எட்டியது என்றே சொல்வேன். அந்த அடுக்களையில் ஒரு வானொலியும் பாடிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் வானொலி நேயர்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

மகன் கவின் வளர்கிறான். தமிழிற் கேட்டால் ஆங்கிலத்தில் விடையிறுக்கிறான். பிற்பகுதியில் வேடம் மாறி நாம் அந்த மகனாகிறோம். பாட்டியின் குறிப்பேடு கையில் இருக்கிறது, எழுத்துத் தமிழ், அவனால் அதனைச் சரிவர வாசிக்க இயலவில்லை. தமிழாசிரியனாகிய நான், தமிழ் வாசிக்கத் தெரியாதவனின் கண்களைச் சிறிது நேரம் பூண்டிருந்தேன். இருபது ஆண்டு வகுப்பறையிற் கிடைக்காத பாடம் அது.

உரையாடலிற் சிறுசிறு தெரிவுகள் இதில் உண்டு. கதையின் போக்கை அவை மாற்றுவதில்லை. இதனைக் குறையாகச் சொல்லும் ஆட்டக்காரர் உளர். ஆடுபவன் நினைத்தபடி உலகம் வளைந்து கொடுக்க வேண்டுமென்பது இத்துறையிற் பலரது எதிர்பார்ப்பு. நான் அவர்களோடு உடன்படேன். மன்மதன் எரிவான் என்பது காப்புக் கட்டும் நாளிலேயே ரதிக்குத் தெரியும். கூடியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அவ்வாட்டத்தை ஆண்டுதோறும் முழுமையாக ஆடுகிறார்கள். மாற்ற இயலாத முடிவை நோக்கி ஒரு வேடத்தை நடத்திச் செல்வதற்குத் தெரிவு வேண்டியதில்லை; உடன்பாடு வேண்டும்.

என் மருமகன் மூன்று மாசிகள் தொடர்ந்து ரதியாக ஆடியவன். இத்தனை விளையாட்டுகளில் எது ரதியாடியதை ஒத்திருந்தது என்று அவனைக் கேட்டேன். சிறிது யோசித்து, "எதிலேயும் கால் வலிக்கல்லையே, மாமா" என்றான். சலங்கை கட்டிய வெறுங்காலுடன் விடியும்வரை லயம் லயமாக ஆடியவனின் திறனாய்வு அது. என் தராசைக் காட்டிலும் நுண்ணியது.

இம்முறை அவனுக்குக் கடையில் விடுமுறை கிடைக்கவில்லை. தோட்டத்தில் தப்படிப்போர் இருந்தனர், மன்மதனும் இருந்தான், ரதிக்கு ஆளில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தானாக முன்வந்தான். பரீட்சை கெடுமோ என்று அவன் தாயார் என்னிடம் வந்து கேட்டார். மாலையில் ஒரு மணிநேரம் நானே பாடஞ் சொல்லித் தருகிறேன், ஆடட்டும் என்றேன். கொழும்பிலுள்ள தன் சிற்றறையில் நின்று மருமகன் ஒவ்வோர் அடவாக ஆடிப் படம்பிடித்து அனுப்புகிறான். தப்பின் ஒலி இல்லை. அண்டை அறையார்க்குத் தொந்தரவாகுமென்று வாயாலேயே தாளஞ் சொல்கிறான். பீலிக்கரையை அடுத்த திடலிலே கைத்தொலைபேசியைக் கல்லின்மேற் சாய்த்து வைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பையன் பழகிக்கொண்டிருக்கிறான்.